இடது காதில் மழை இல்லை

“ஏங்க, கேஸ் தீர்ந்து போச்சு” என்றாள் என் மனைவி.

“பேஸ் எப்படித் தீரும்? ஒயர் லூஸா இருக்கும், தட்டிப் பாரு” என்றேன்.

சமையலறையிலிருந்து முதலில் ஒரு கரண்டி எட்டிப் பார்த்தது. பின்னாலேயே அவள். “மூணு தடவை சொல்லியாச்சு. நீங்க வேணும்னே பண்றீங்களா, இல்ல நிஜமாவே கேக்கலையா?”

வேணும்னே பண்ணுகிற கணவர்கள் உண்டு. நானும் சில விஷயங்களில் அந்தக் கட்சிதான். ஆனால் அன்றைக்கு சத்தியமாக எனக்கு ‘பேஸ்’ என்றுதான் விழுந்தது. அதற்கு ஒரு காரணம், நான் இரண்டு நாளாக பேஸ் நினைப்பிலேயே இருந்தது. இன்னொரு காரணம் பிறகு தெரிந்தது.

பேஸ் நினைப்புக்குக் காரணம் அக்கா பையன். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். லீவுக்கு வந்தவன் என் போனை வாங்கி, நான் கேட்கிற பாட்டையெல்லாம் ஒரு டாக்டர் மாதிரி மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “மாமா, டப்ஸ்டெப்ல நீங்க இன்னும் 2011-லயே நிக்கறீங்க. அது எங்கயோ போயிடுச்சு” என்றான். ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்தான். “இதெல்லாம் கேட்டுட்டு எழுதுங்க. சும்மா ரேஷன் கடை க்யூவைப் பத்தியே எத்தனை நாள் எழுதுவீங்க?”

ரோஷம் வந்துவிட்டது. ரேஷன் கடைக் கட்டுரைக்குத்தான் வாசகர் கடிதம் அதிகம் வந்தது என்று அவனுக்கு யார் சொல்வது?

டப்ஸ்டெப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ரெண்டு பாரா. தெரிந்தவர்கள் போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

தெற்கு லண்டனில் க்ராய்டன் என்று ஒரு இடம். ஆபீஸ் கட்டடங்கள், டிராம் வண்டி, காய்கறி மார்க்கெட். மார்க்கெட் தெருவில் பிக் ஆப்பிள் என்று ஒரு ரெக்கார்டு கடை இருந்தது (2004-ல் மூடிவிட்டார்கள்). ஸ்க்ரீம், பெங்கா என்று இரண்டு பொடியன்கள், ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூட வயசு, அங்கேயே பழியாய்க் கிடந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் எதையாவது செய்து எடுத்து வருவார்கள். கடையில் வேலை பார்த்த ஹாட்சா அதை வாங்கி கிளப்பில் போடுவார். அப்போது லண்டனில் ஓடிக்கொண்டிருந்த கராஜ் என்ற டான்ஸ் இசையிலிருந்து பாடகியைக் கழித்தார்கள், பளபளப்பைக் கழித்தார்கள், மிச்சமிருந்த பேஸை வைத்துக்கொண்டார்கள். நிமிஷத்துக்கு 140 தாளம். ஆனால் டிரம் பாதி வேகத்தில்தான் விழும். கால் ஓடப் பார்க்கும், தலை மெதுவாக ஆடும்.

‘டப்’ என்ற பாதி ஜமைக்காவிலிருந்து வந்தது. அங்கே ஸவுண்ட் ஸிஸ்டம் என்றால் தெருவில் ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கி ஊரைக் கூட்டுகிற ஆட்கள். நம்ம ஊர் மைக் செட்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து லண்டனுக்குக் குடிபோன குடும்பங்களோடு அந்தப் பெட்டிகளும் போயின. 2005-ல் டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் கோஷ்டி ப்ரிக்ஸ்டனில் ஒரு சர்ச் கட்டடத்துக்குள் இருந்த கிளப்பில் டி.எம்.இசட் என்ற பெயரில் ராத்திரி ஆட்டங்களை ஆரம்பித்தபோது, பாட்டைவிட அந்தப் பெட்டிகள்தான் முக்கியம். புதுப்பாட்டு என்றால் 10 அங்குல அசிடேட் தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டிக்கொண்டு வருவார்கள். டப்ப்ளேட் என்று பெயர். அதிலே ஒரு விசேஷம், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் ஊசி அதைக் கொஞ்சம் தின்றுவிடும். சில டஜன் தடவைக்கு மேல் தாங்காது. கேட்கக் கேட்கக் காலியாகிற பாட்டு.

டீ குடிக்கப் போனவர்கள் வரலாம்.

நான் 2011-ல் நின்றதற்கும் கதை உண்டு. பி.காம் முடித்து ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன். மாசக் கடைசியில் பேங்க் ரீகன்சிலியேஷன். பாஸ் புத்தகமும் கேஷ் புத்தகமும் ஒத்துப்போகாமல் பதினேழு ரூபாய் உதைக்கும். அந்தப் பதினேழு ரூபாயைத் தேடி ராத்திரி ஒன்பது மணி. மேனேஜர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் கூப்பிட்டால் வலது காதுக்குக் கேட்க வேண்டும். அதனால் வலது காது கம்பெனிக்கு, இடது காது எனக்கு என்று பாகப் பிரிவினை செய்தேன். இயர்போனின் இடது பக்கத்தை மட்டும் சொருகி, ஒயரைச் சட்டைக்குள் விட்டு, ஏ.ஸி. சத்தமும் பிரிண்டர் சத்தமும் அமுங்குகிற அளவுக்கு வால்யூமை ஏற்றிவிடுவேன். போகவர எலெக்ட்ரிக் ட்ரெயினிலும் அதே ஏற்பாடு. ஒன்பது வருஷம்.

அந்த இயர்போன் காலத்தில் வந்து சேர்ந்தவர்தான் ஸ்க்ரில்லெக்ஸ். அமெரிக்கப் பையன். 2010-ல் அவர் போட்ட ‘ஸ்கேரி மான்ஸ்டர்ஸ் அண்ட் நைஸ் ஸ்ப்ரைட்ஸ்’ உலகத்தைக் கலக்கியது. 2012-ல் மூன்று கிராமி. க்ராய்டன் பையன்களின் பேஸ் 40, 50 ஹெர்ட்ஸில் தரையோடு தரையாக ஊர்ந்தது. ஸ்க்ரில்லெக்ஸ் அதைத் தூக்கி நடு ஸ்தாயியில் வைத்து உறும விட்டார். லாப்டாப்பில் கேட்கும், இருநூறு ரூபாய் இயர்போனில் கேட்கும், என்னைப்போல் குமாஸ்தாவுக்கும் கேட்கும். லண்டன்காரர்கள் ‘ப்ரோஸ்டெப்’ என்று நக்கலடித்தார்கள். எனக்கென்ன, பதினேழு ரூபாய் கிடைத்தது.

இப்போது அக்கா பையன் லிஸ்ட்.

முதலில் ‘ரம்பிள்’. 2023 ஜனவரியில் வந்தது. அதே ஸ்க்ரில்லெக்ஸ், கூட ஃப்ரெட் அகெய்ன், குரலுக்கு ஃப்ளோடன் என்ற கிழக்கு லண்டன்காரர். அடுத்த வருஷம் இதற்கும் கிராமி. பிறகு பரியல். இவர் தெற்கு லண்டன். முகத்தை அதிகம் காட்டாதவர். 2007-ல் ‘அன்ட்ரூ’ என்ற ஆல்பத்தால் பெரிய ஆளாகி, 2008-ல் பத்திரிகைக்காரர்கள் துரத்தியதால் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டவர். அவருடைய 2022 ‘ஆன்டிடான்’, 2024-ல் வந்த ‘ட்ரீம்ஃபியர்’, ‘பாய் ஸென்ட் ஃப்ரம் அபவ்’. அப்புறம் வேல்ஸ் தேசத்து அண்ணன் தம்பி இருவர் ஓவர்மோனோ என்ற பெயரில் 2023-ல் போட்ட ‘குட் லைஸ்’. ஹம்டி என்பவரின் ‘ஸ்கங்கா’.

போன் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டேன். ஒரு நோட்டில் தீர்ப்பும் எழுதினேன். ‘ரம்பிள்: யாரோ மாடியில் மிக்ஸி ஓட்டுகிறார்கள். நடுவே ஒருவர் கோபமாகப் பேசுகிறார். ஆன்டிடான்: 40 நிமிஷத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை. ஓவர்மோனோ: இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சுத்தம், பாக்கெட்டில் காசு இல்லை. ஸ்கங்கா: முதல் மூன்று தடவை ஜாலி.’ கிண்டலாக ஒரு பக்கம் தேறும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த அன்றுதான் கேஸ் தீர்ந்து போனது.

அடுத்த சனிக்கிழமை என்னைக் காது டெஸ்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண்ணாடிக் கூண்டு. தலையில் ஹெட்ஃபோன். ‘பீப்’ கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். எல்லா பரீட்சையிலும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய எனக்கு இதில் யாரைப் பார்ப்பது? கேட்காத இடத்திலும் ரெண்டு தடவை உத்தேசமாக அமுக்கினேன். டெஸ்ட் எடுத்த அம்மா கூண்டுக்கு வெளியிலிருந்து சிரித்தார். “சார், அந்த நேரத்துல நான் ஒண்ணுமே போடலை.”

ரிசல்ட் ஒரு கிராஃப். வலது காதுக் கோடு ஏறக்குறைய நேராகப் போயிற்று. இடது காதுக் கோடு 2000 ஹெர்ட்ஸ் வரை நல்ல பிள்ளையாக வந்து, 4000-ல் ஸென்ஸெக்ஸ் மாதிரி விழுந்து, அப்புறம் அரைகுறையாக எழுந்திருந்தது.

“4000-ல இப்படிப் பள்ளம் விழுந்தா பெரும்பாலும் சத்தம்தான் காரணம். ஃபாக்டரியா? ஹெட்ஃபோனா?”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கிராஃபைப் பார்த்தேன்.

உள் காதில் மயிரிழை மாதிரி செல்கள் இருக்கிறதாம். சத்தத்தில் செத்தால் செத்ததுதான், தலைமுடி மாதிரி திரும்ப முளைக்காது (தலைமுடியும் எனக்கு முளைக்கவில்லை, அது வேறு கணக்கு). உலக சுகாதார நிறுவனம் ஒரு அளவு வைத்திருக்கிறது: 80 டெஸிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெஸிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5. பி.காம் படித்தவனுக்கு இது உடனே புரிந்தது. டெப்ரிஸியேஷன்! மெஷினுக்கு வருஷா வருஷம் எத்தனை பர்சென்ட் தேய்மானம் எழுதினேன்... ஒரு நாளும் இந்தக் காதுக்கு எழுதவில்லை. யார் மேலும் குற்றமில்லை. வால்யூம் பட்டன் என் விரலில்தான் இருந்தது.

“க, ச, ப, த இதுல எல்லாம் மேல் ஸ்தாயில ஒரு சின்னக் காத்து இருக்கு. அதை வெச்சுத்தான் எந்த எழுத்துன்னு பிரிச்சுக்கறோம். அந்த இடம் உங்களுக்கு இடது பக்கம் போயிருக்கு” என்றார் அந்த அம்மா. “கீழ் ஸ்தாயி எல்லாம் நல்லா இருக்கு.”

அதாவது கேஸ் போச்சு, பேஸ் இருக்கு.

வீட்டுக்கு வந்து, இருப்பதிலேயே நல்ல ஹெட்ஃபோனை (மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்தது) மாட்டிக்கொண்டு லிஸ்டை மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை வால்யூம் பாதிக்குக் கீழே. ‘ரம்பிள்’ வேறு பாட்டாக இருந்தது. நான் மிக்ஸி என்று எழுதியது உண்மையில் கீழே ஒரு குழி. அதற்குள் எதுவோ குதிக்கிறது. குதிப்பதற்கு நடுவே நிறைய காலி இடம். 2010-ல் எல்லா மூலையையும் உறுமலால் அடைத்த அதே மனுஷன், க்ராய்டன் பையன்கள் செய்தது மாதிரி கழிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். ரெண்டரை நிமிஷம் போல்தான். போன் ஸ்பீக்கரில் அந்தக் குழி வரவே வராது. பட்டாணி அளவு ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸ் அலையை எப்படித் தள்ள முடியும்? அந்த ஒரு அலையின் நீளம் 22 அடிக்கு மேல். எங்கள் ஹால் பன்னிரண்டு அடி.

சரி, பரியல். இவர் பாட்டின் மேலே எப்போதும் ஒரு சரசரப்பு. பழைய ரெக்கார்டு கீறல், மழை, பற்றவைக்கும் நெருப்பு என்று எதுவாகவும் எடுத்துக்கொள்ளலாம். ‘ஆன்டிடா’னில் டிரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சரசரப்பும், தூரத்தில் யாரோ பாடிவிட்டு நிறுத்துவதும், காற்றும்தான் பாட்டு. கண்ணை மூடிக் கேட்டேன். வலது பக்கம் லண்டன், ராத்திரி, மழை. இடது பக்கம் மழை இல்லை. தெருவின் அந்தப் பாதியில் மட்டும் யாரோ கூரை போட்டுவிட்ட மாதிரி.

கிராஃபைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்போதுதான் வயிற்றில் என்னவோ செய்தது.

பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று. இந்தப் பாட்டுகளை அதற்கென்று செய்த பெட்டியில் கேட்பது. ப்ரிக்ஸ்டனுக்கு டிக்கெட் எடுக்க நான் எழுதுகிற பத்திரிகைகள் தரும் சன்மானம் போதாது. ஆனால் பல்லாவரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ஸவுண்ட் ஸர்வீஸ் அண்ணன் இருக்கிறார். மார்கழி மாசம். கல்யாணம் கிடையாது. குழாய் ஸ்பீக்கரெல்லாம் திருப்பாவைக்குக் கோயிலுக்குப் போய்விட, 18 இன்ச் பாக்ஸெல்லாம் கோடவுனில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா தூங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணே, ஒரு பாட்டு கேக்கணும்.”

“என்னது?”

“பாட்டு! கேக்கணும்!”

“கேளுங்க சார். அதுக்கு ஏன் கத்தறீங்க?”

நாலு பாக்ஸை அடுக்கினார். நான் பஞ்சு மாதிரி அமுங்குகிற மஞ்சள் அடைப்பானை ரெண்டு காதிலும் திணித்துக்கொண்டேன். அது மேல் ஸ்தாயியைத்தான் அதிகமாகக் குறைக்கும், அடி ஸ்தாயியை அவ்வளவு தொடாது. முதலில் பழசு ஒன்று போட்டோம். டிஜிட்டல் மிஸ்டிக்ஸ், 2006, ‘ஆன்டி வார் டப்’. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பேஸ் இறங்கியது. இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும், கேட்டது என்று சொல்ல முடியாது. ஷட்டர் கடகடவென்று ஆடியது. பேன்ட் துணி கால்மேல் துடித்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ வந்து நிதானமாக நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார்கள். இடது, வலது என்ற பேச்சே இல்லை. அந்தக் கிராஃபில் விழுந்த பள்ளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 

அண்ணன் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து, நாடி பார்க்கிற மாதிரி நின்றார். “நான் காதால பாக்கறதை விட்டுப் பல வருஷமாச்சு சார். கைதான். இது யார் செஞ்சது? மரியாதையா செஞ்சிருக்கான்.”

‘ரம்பிள்’ போட்டேன். அண்ணனுக்குப் பாட்டைவிட ஃப்ளோடனின் குரல் பிடித்தது. “பாடறவன் குரலே அடியில இருக்கு பாருங்க. இவனுக்குத் தனியா மைக்கே வேணாம்.” ‘ஸ்கங்கா’வுக்கு வேலைக்காரப் பையன் ஆடினான். நானும் தீர்ப்பை மாற்றிக்கொண்டேன்: நாலாவது தடவையும் ஜாலிதான், பெட்டி பெரிசாக இருந்தால். ‘ட்ரீம்ஃபிய’ரில் பரியலுக்கு என்னவோ பழைய ரேவ் காலத்து வெறி பிடித்திருக்கிறது. வேகமான டிரம், திடீரென்று நின்று வேறு பாட்டாக மாறுவது, பத்து நிமிஷத்துக்கு மேல் இந்த ரகளை. ஓவர்மோனோதான் பாவம். அந்தக் கோடவுனில் ரொம்ப நாகரிகமாக இருந்தார்கள்.

கடைசியாக ‘ஆன்டிடான்’. அடைப்பானை எடுத்துவிட்டு, வால்யூமைக் குறைக்கச் சொன்னேன். பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வேலைக்காரப் பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் ஓடினான். 

“அண்ணே, எங்கயோ லூஸ் கான்டாக்ட். சரசரன்னு வருது!”

“எங்கடா?” என்றார் அண்ணன்.

“வருதுண்ணே! நல்லா வருது! உங்களுக்குக் கேக்கலையா?”

அண்ணன் தலையைச் சாய்த்து அந்தக் காதைக் காட்டினார். பிறகு இந்தக் காதைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இடது பக்கம் பெட்டிக்குக் கொடுத்து நின்றிருந்தேன்.

“உங்களுக்குக் கேக்குதா சார்?”

“வலது பக்கம் திரும்பினா கேக்கும்ணே.”

“எனக்கு ரெண்டு பக்கமும் இல்ல” என்றார். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது லூஸ் கான்டாக்ட் இல்லைல்ல? பாட்டுலயே இருக்குதுல்ல?”

“பாட்டுலயே இருக்குண்ணே.”

“டேய், ஒயரை விடுடா” என்று பையனிடம் சொன்னார். டீ வரவழைத்தார். வாடகை வாங்கிக்கொள்ளவில்லை. நான் கிளம்பும்போது மஞ்சள் அடைப்பானில் புதுசு ஒரு ஜோடியைப் பையன் கையில் கொடுத்தேன். அவன் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். போட்டுக்கொண்டானா என்று தெரியாது.

அன்று ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு ஒரு காரியம் செய்தேன். ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினேன். இடது பக்கத்தது வலது காதில், வலது பக்கத்தது இடது காதில். முன்னே கேட்காத பாதித் தெரு இப்போது கேட்டது. அங்கேயும் மழைதான். வேறு மாதிரி மழை, கொஞ்சம் பொடியாக. ரெண்டு பாதியையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது, மாற்றி மாற்றித்தான். முழுசையும் அப்படி ரெண்டு தடவை கேட்டேன். நோட்டில் ஆன்டிடானுக்கு எதிரே ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று எழுதியதை அடித்துவிட்டு, வேறு எதுவும் எழுதாமல் மூடினேன்.

அக்கா பையன் போன் பண்ணினான். “என்ன மாமா, எது பெஸ்ட்?”

“ஆடறதுக்கு ரம்பிள். எனக்கு ஆன்டிடான்.”

“அதுல பேஸே இல்லையே மாமா!”

“நீ எவ்வளவு வால்யூம்ல கேக்கற?”

“ஃபுல்லு.”

எண்பது டெஸிபல் கணக்கை அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். 86-க்குப் பத்து மணி நேரம் என்று வருவதற்குள் ‘ஹலோ, ஹலோ, கேக்கலை’ என்று வைத்துவிட்டான். அவன் வேணும்னே பண்ணுகிற கட்சி.

வீட்டில் சில மாற்றங்கள். சாப்பிடும்போது மனைவி இப்போது என் வலது பக்கம் உட்காருகிறாள். கேஸ் என்று சொல்வதில்லை, சிலிண்டர் என்கிறாள்.